ஒட்டுத்துணித் தையல்: தைக்கத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?



நூல், ஊசி, பட்டன், கட்பீஸ் துணி மொத்த வியாபாரத்தில் நாங்கள் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். நம் சங்கத்து மளிகைக் கடைக்காரர்கள் பலர் எங்களிடம் ஊசி அட்டையும் நூல்கண்டும் வாங்கிப்போய், சோப்புக்கும் சீயக்காய்ப் பொட்டலத்துக்கும் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள். ஆனால் வாங்க வருகிறவர், "இதுல எந்த ஊசி நல்லது?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துக்குங்க" என்பதுதான் பெரும்பாலும் நம் பதில். பருப்பில் நயம் எது, மட்டம் எது என்று அரை மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, ஊசியைப் பற்றி அரை வார்த்தை தெரியவில்லை.

இந்தக் குறை தீரவும், கடைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு கைத்தொழில் பழகவும், சங்கக் கட்டடத்தில் ஞாயிறு பிற்பகல்களில் ஒட்டுத்துணித் தையல் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தோம். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வீட்டு அம்மா. துணிகளும் சாமான்களும் எங்கள் கடையைச் சேர்ந்தவை. அதில் முதலில் தோற்றோம், பிறகு தேறினோம். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஒட்டுத்துணித் தையல் என்பது என்ன?

மேலே ஒரு துணி, நடுவே கனத்துக்கு ஒரு அடுக்கு, கீழே ஒரு துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடுருவித் தைத்தால் அதுவே ஆங்கிலத்தில் க்வில்ட் எனப்படுவது. மேல் துணியைச் சிறு துண்டுகளை இணைத்து உண்டாக்கினால் ஒட்டுத்துணி வேலை ஆகிறது.

இது புதிதாக வந்த நாகரிகம் அல்ல. துணி அருமையாக இருந்த இடமெல்லாம் இது இருந்திருக்கிறது. நம் வீடுகளில் பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓரத்தில் தைத்து, பச்சைக் குழந்தைக்கு விரிப்பார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். அதற்கு வேண்டிய வண்ண நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது பழைய வழக்கம். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழி வந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலைகளிலும் 'பூலா' என்று சிறு துணி மடிப்பு வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, நியூயார்க்கின் பெரிய கடைகள் வரை தங்கள் போர்வைகளை விற்றார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே தையல். ஊசியைக் கீழே இறக்கி, மேலே ஏற்றி, நேராகப் போகும் ஓட்டுத் தையல். கோணி ஊசியும் சணலுமாக மூட்டை வாயைத் தைத்த பழக்கம் உள்ளவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தைக்கத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே தவிர, கை அதை முன்பே அறியும்.

நாங்கள் செய்த தவறு

முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்தார்கள். நாங்கள் எங்கள் சரக்கு முழுவதையும் மேஜையில் பரப்பினோம். ஊசியில் ஒன்பது வகை, நூலில் முப்பது நிறம், கத்தரியில் நாலு தினுசு. இரட்டைக் கட்டில் அளவுக்குத் தைத்த ஒரு பெரிய போர்வையையும் விரித்துக் காட்டினோம். எல்லோரும் வியந்தார்கள். மறு ஞாயிறு வந்தவர்கள் ஐந்து பேர்.

வராதவர்களில் ஒருவர், எங்களிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைத் தம்பி ஒருவரின் மனைவி. தம்பி கடைக்கு வந்தபோது விசாரித்தோம். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, அவளுக்கு ஊசியில நூலே கோக்க முடியலையாம். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் தைக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். வெக்கப்பட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டா. தப்பா நெனைக்காதீங்க. நீங்க மொத்த வியாபாரி, மூட்டையை அப்படியே அவுத்துக் கொட்டிட்டீங்க. எங்க கடைக்கு வர்றவங்க நூறு கிராம்தான் கேப்பாங்க. நூறு கிராமுக்குப் பொட்டலம் கட்டத் தெரிஞ்சாத்தான் சில்லறைக் கடை ஓடும்."

நாற்பது ஆண்டு வியாபாரத்தில் எங்களுக்கு யாரும் இவ்வளவு தெளிவாகக் கணக்குச் சொன்னதில்லை. அன்று முதல் பாடத்தைப் பொட்டலமாகக் கட்டத் தொடங்கினோம்.

பொட்டலத்தில் என்ன இருக்கவேண்டும்?

போர்வையை மறந்துவிடுங்கள். முதலில் தைக்கவேண்டியது அடுப்பங்கரையில் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி. சிறியது, கெட்டுப்போனாலும் நட்டம் இல்லை, முடிந்த அன்றே பயன்படும். போர்வைக்கு வேண்டிய எல்லா வேலையும் இதிலும் உண்டு.

ஒருவருக்கு ஒரு பொட்டலம்: ஊசி இரண்டு, பருத்தி நூல்கண்டு ஒன்று, 5 அங்குலச் சதுரத் துண்டுகள் நான்கு (இரு நிறத்தில் இரண்டிரண்டு), அடித்துணி பதினொன்றரை அங்குலச் சதுரம் ஒன்று, நைந்த பழைய குளியல் துவாலையில் ஒன்பதரை அங்குலச் சதுரம் இரண்டு. இவ்வளவே. தேர்ந்தெடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்பவர் தலையில் கட்டக்கூடாது.

எல்லாம் பருத்தியாகவே இருக்கவேண்டும். இது முக்கியம். பாலியஸ்டர் கலந்த துணியோ நூலோ அடுப்பருகில் உருகிக் கையில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் துணியிலிருந்து ஒரு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

இலவம் பஞ்சை நடுவில் வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். அது வழுக்கும் பஞ்சு. தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். புதியவருக்குத் துவாலையே போதும்.

துணியை வெட்டும் முன் நனைத்து உலர்த்தவேண்டும். புதுப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒரு துண்டு ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் இழுத்து முகம் கோணிப்போகும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை இந்த வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

எண்களில் உள்ள சூட்சுமம்

கடைக்காரர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலிதாகும். தையல் இயந்திர ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். இரண்டும் எதிரெதிர். இதை அறியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு, சரக்கு சரியில்லை என்று பழி வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. புதியவருக்குக் கை ஊசியில் 7 அல்லது 8 எண் பொருந்தும். அதைவிட மெலிந்தால் காதில் நூல் கோப்பது சிரமம். தடித்தால் மூன்று அடுக்கில் இறங்காது. பருத்தி நூலிலும் கை ஊசி போலவே எண் கூடினால் நூல் மெலியும்.

நூலின் நீளம் ஒரு முழம், அதாவது 18 அங்குலம். அடிக்கடி கோக்கச் சோம்பி இரண்டு முழம் எடுத்தால் சிக்கு விழும். சிக்கெடுக்கும் நேரத்தில் இரண்டு முறை கோத்திருக்கலாம்.

கோப்பதற்கும் வழி உண்டு. நூல் நுனியைச் சரிவாக வெட்டி, இரு விரல்களுக்கிடையே நுனி மட்டும் தெரியும்படி பிடித்து, நூலை ஊசியிடம் கொண்டுபோகாமல் ஊசியை நூலிடம் கொண்டுவரவேண்டும். பின்னால் வெள்ளைத் தாள் இருந்தால் கறுப்பு நூல் நன்றாகத் தெரியும். அப்படியும் முடியாவிட்டால், நூல் கோக்கும் மெல்லிய கம்பி மலிவாகவே கிடைக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப்பார்வை மங்குவது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தக் கம்பியையும் பொட்டலத்தில் போட்டுவைத்தோம். அந்தத் தம்பியின் மனைவி மூன்றாம் வாரம் திரும்பி வந்ததற்கு இந்தச் சின்னக் கம்பிதான் காரணம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சதுரம் வெட்டும்போது துணியின் நெசவைப் பார்க்கவேண்டும். பாவு, ஊடை இரண்டில் எதை ஒட்டி இழுத்தாலும் துணி அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர்போல் நீளும். கோணலாக வெட்டிய சதுரம் தைக்கும்போதே இழுபட்டு வடிவம் மாறிவிடும். முதல் வகுப்புக்கு வெட்டும் வேலையை நாமே செய்து கொடுப்பது நல்லது. கோடு போடத் தேய்ந்த சோப்புச் சில்லு போதும். துவைத்தால் போய்விடும்.

இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்கவேண்டும். அந்தக் கோட்டைத் துணியின் பின்பக்கத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள். கண்மதிப்பில் தைக்க விடாதீர்கள். 5 அங்குலத் துண்டுகள் இரண்டை இணைத்தால் 10 அங்குலம் வராது, ஒன்பதரை அங்குலமே வரும். கால் அங்குலத்துக்குப் பதில் முக்காலே அரைக்கால் என்று ஏறுக்குமாறாகப் போகாவிட்டாலும், அரைக்கால் அங்குலம் மட்டும் கூடுதலாக உள்ளே தைத்துவிட்டால் ஒரு இணைப்பில் இருபுறமும் சேர்ந்து கால் அங்குலம் குறையும். பிடிதுணியில் அது தெரியாது. எட்டுத் துண்டு அகலமுள்ள விரிப்பில் ஏழு இணைப்பு, ஆகவே ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும். கிலோவுக்குப் பத்துக் கிராம் கூடப் போட்டால் ஐம்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ காணாமல் போகிறதல்லவா? அதே கணக்குத்தான் இதுவும். இப்படிச் சொன்னவுடன் மளிகைக்கடைப் பெண்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

தைக்கும் முறை

முதல் ஞாயிறு: வீணான துணியில் ஒரு கோடு மட்டும் ஓட்டுத் தையல் பழகவேண்டும். அங்குலத்துக்கு மூன்று நான்கு தையல் விழுந்தால் போதும். சிறிதாக இருக்கவேண்டும் என்பதைவிட ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம். பிறகு நிறத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, கோட்டின்மேல் தைக்கவேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும், நடுவே நாலைந்து தையலுக்கு ஒரு முறையும் ஊசியைப் பின்னோக்கி ஒரு தையல் போட்டால் பிரியாது. இப்படி இரண்டு ஜோடி.

இரண்டாம் ஞாயிறு: ஜோடிகளின் தையல் ஓரத்தை அடர்ந்த நிறத்தின் பக்கமாக மடித்து இஸ்திரி போடவேண்டும். அப்போது உள்ளே மடிந்த துணி வெளிர் நிறத்தில் நிழலாடாது. நிறம் மாறி மாறி வரும்படி இரண்டு ஜோடிகளையும் இணைத்தால் மேல் துணி தயார்.

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நடுவில் துவாலைத் துண்டுகளை வைத்து, அதன்மேல் மேல் துணியை வைக்கவேண்டும். சுற்றிலும் அடித்துணி ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் நகராமலிருக்க நடுவிலிருந்து நான்கு பக்கமும் தற்காலிகமாகப் பெரிய தையல் போடுங்கள். இதைச் சோம்பலில் விட்டவர்கள் அனைவருக்கும் அடியில் சுருக்கம் விழுந்தது.

மூன்றாம் ஞாயிறு: இணைப்புக் கோட்டுக்கு இருபுறமும் அரை அங்குலம் தள்ளிச் சோப்பால் கோடு போட்டு, அதன்மேல் மூன்று அடுக்கும் சேர ஓட்டுத் தையல் போடவேண்டும். இணைப்பை ஒட்டியே தைத்தால் உள்ளே மடிந்திருக்கும் துணியில் ஊசி இறங்காது. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும். அப்போது சுருக்கம் வெளியே தள்ளப்படும். நூல் முடிச்சை மேலே விடாமல் மெதுவாகச் சுண்டி இழுத்தால், மேல் துணிக்குள் புகுந்து அடுக்குகளுக்கிடையே மறைந்துகொள்ளும். ஊசியின் பின்முனை விரலைக் குத்தாதிருக்க, தையற்காரர் மாட்டும் அங்குஸ்தானை நடுவிரலில் மாட்டலாம்.

கடைசியாக ஓரம். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு அங்குலத்தை அரை அங்குலமாக உள்நோக்கி மடித்து, மறுபடி மேல் துணியின்மேல் மடித்தால் பிசிறு எல்லாம் உள்ளே போய்விடும். அதைச் சுற்றி மடிப்புத் தையல் போட்டுத் தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டால் பிடிதுணி முடிந்தது.

சொல்லிக்கொடுப்பவர் கவனத்துக்கு

ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்தங்குபவர் நம் கண்ணில் படமாட்டார்.

இடக்கைப் பழக்கம் உள்ளவரைத் திருத்தப் பார்க்காதீர்கள். அவரை எதிரே உட்கார வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துத் தைத்துக்கொள்வார்.

கோணலாகத் தைத்ததை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்து நாமே தைத்துக் கொடுக்கக்கூடாது. எங்கள் வீட்டு அம்மா முதலில் அப்படித்தான் செய்தார். அழகாக வந்தது. ஆனால் அது அவர்கள் தைத்ததாக இல்லை. பிறகு நிறுத்திக்கொண்டார். கோணலாக இருந்தாலும் முடிந்த ஒரு பொருளோடு வீட்டுக்குப் போகிறவர் மறுபடி வருவார். அழகான பாதி வேலையோடு போகிறவர் வருவதில்லை. முதல் நாள் போணி சிறிதாக இருந்தாலும் கல்லாவில் காசு விழுந்தால்தானே கடைக்காரனுக்கு மறுநாள் கடை திறக்கத் தெம்பு வருகிறது?

வருமானம் வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். புதியவருக்கு ஒரு பிடிதுணி தைக்க ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. இயந்திரத்தில் தைத்து வருவதோடு விலையில் போட்டி போட முடியாது. மாதம் இவ்வளவு கிடைக்கும் என்று ஆசை காட்டிப் பயிற்சிக் கட்டணம் வாங்குவது நேர்மையான வியாபாரம் ஆகாது. கிழிந்ததைத் தைக்கவும், வீட்டுக்கு வேண்டியதை வீணான துணியில் செய்துகொள்ளவும் கை பழகும். நன்றாகத் தேறிய சிலர் குழந்தை விரிப்புக்கு ஆர்டர் எடுக்கலாம். அவ்வளவுதான் சொல்லலாம்.

ஆனால் கடைக்காரருக்கு வேறொரு ஆதாயம் உண்டு. வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் சாமான் வரவழைக்கும் காலம் இது. விலையில் பெரிய நிறுவனங்களோடு நாம் எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? எதற்கு எந்த ஊசி என்று முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்த கடை நம்முடையதாக இருந்தால், அந்த வாடிக்கை நம்மை விட்டுப் போகாது. 44 அங்குல அகலத் துணியில் 5 அங்குலம் கிழித்தால் எட்டுச் சதுரம் கிடைக்கும். இரு நிறத்தில் ஒவ்வொரு கிழிசல் போதும், நான்கு பேருக்கான பொட்டலத்துக்கு மேல் துணி தயார். விலை போகாமல் அலமாரியில் கிடந்த எங்கள் கட்பீஸ் அப்படித்தான் நகர்ந்தது.

முதல் நாள் எழுந்து போன அந்தச் சகோதரி தைத்த பிடிதுணியில் ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் வீட்டு அடுப்படியில் வைக்கவில்லை. கடையில் ஊசி அட்டைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். சென்ற மாதம் வசூலுக்குப் போனபோது பார்த்தோம். ஒரு மூதாட்டி ஊசி கேட்டு வந்தார். தம்பி வழக்கம்போல் "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி" என்று தொடங்கினார். உள்ளேயிருந்து அந்தச் சகோதரி வந்து, "பாட்டி, என்ன துணி தைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

நம் கடைகள் ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்வி கேட்கப்படவேண்டும் என்பது எங்கள் ஆசை. உங்கள் ஊர்ச் சங்கக் கிளையிலும் ஆறு பேரைச் சேர்த்துத் தொடங்குங்கள். மூட்டையை அவிழ்க்காமல் பொட்டலமாகக் கொடுங்கள்.

வளர்க வணிகம்!